எங்கள் ஊர் ராணுவ அண்ணனுக்கு நினைவு நடை: எந்த வழியாகப் போவது, எப்படி நடத்துவது?

கேட்டவர்: வலைக்கயிறு

எல்லாருக்கும் வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். ராணுவத்தில் இருந்த எங்கள் ஊர் அண்ணன் எல்லையில் பணியில் இருந்தபோது வீரமரணம் அடைந்தார். வருகிற செப்டம்பர் கடைசியில் முதல் வருட நினைவு நாள். அண்ணி கேட்டுக்கொண்டதால் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் இங்கே போடவில்லை.

ஊர் சேர்ந்து ஒரு நினைவு நடை வைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படி வைப்பது என்பதில்தான் இழுபறி. இளவட்டங்கள் ஈ.சி.ஆரில் போகலாம் என்கிறார்கள். முன்னால் பைக் அணிவகுப்பு, குட்டி யானையில் சவுண்ட் செட், வழி நெடுக பிளக்ஸ், நூறு அடியில் தேசியக் கொடி. அவர்கள் பாசத்தில் குறை சொல்ல மாட்டேன். உடல் வந்த அன்று ராத்திரி முழுக்க மண் வெட்டிப் பாதை சரிசெய்தவர்கள் அவர்கள்தான்.

எனக்கு வேறு வழி ஒன்று மனதில் இருக்கிறது. அண்ணன் பட்டாளத்துக்கு ஓடிப் பழகிய வழி. ஆள்சேர்ப்பு முகாமில் 1600 மீட்டர் ஓட வேண்டும். எங்கள் ஊரில் மைதானம் கிடையாது. அதனால் எங்கள் அப்பாவிடம் வலைக் கயிறு வாங்கி, பாகம் பாகமாக அளந்து, பள்ளிக்கூடச் சுவரில் தொடங்கி உப்பளக் கரை வழியாகக் கடற்கரை வரைக்கும் 1600 மீட்டரை அவரே குறித்தார். நானூறு மீட்டருக்கு ஒரு பனையில் சுண்ணாம்புக் கோடு. கடைசி பனையில் மட்டும் கோட்டுக்கு மேலே 5.30 என்று எழுதியிருப்பார். ஐந்து நிமிடம் முப்பது விநாடிக்குள் வந்துவிட்டால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண் என்று கணக்கு. அவர் தேர்வாகிப் போன பிறகும் விடவில்லை. ஒவ்வொரு லீவிலும் வந்து, ஐப்பசி மழையில் கரைந்த கோட்டை மறுபடி பூசிவிட்டு, காலையில் பையன்களை எழுப்பி ஓட விடுவார். ஷூ இல்லாதவன் வெறுங்காலோடு ஓடுவான், அவனோடு சேர்ந்து தானும் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடுவார். அந்தக் கரையில் கருவேல முள் எப்படிக் கிடக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஓடியவர்களில் சிலர் இப்போது பட்டாளத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் மீனவக் குடியிருப்பு, சம்சாரிகள் தெரு, காலனி, பள்ளிவாசல் தெரு எல்லாம் இருக்கின்றன. அந்த ஓட்டப் பாதை நான்கையும் தொட்டுக்கொண்டு போகும். ஈ.சி.ஆர். ஊர்வலம் எந்தத் தெருவுக்குள்ளும் வராது. இப்போது ஒரு தரப்பு, "அவர் எங்கள் சமுதாயப் பிள்ளை, சங்கக் கொடியோடுதான் வருவோம்" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அண்ணனின் அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. "அவன் ஓடுன வழியிலயே போங்கப்பா, நான் வாசல்ல உக்காந்து பாத்துக்கிறேன்" என்றார்கள். வீடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இப்படி நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அனுமதி யாரிடம் வாங்குவது? கொடி விஷயத்தில் என்ன முறை? ராணுவத்திலிருந்து யாரையாவது அழைக்க முடியுமா? கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது? நான் நண்டு கம்பெனியில் எடை போடுகிறவன். இதற்கெல்லாம் யாரைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

பதில்: உச்சிப்புளி முன்னாள் ஹவில்தார்

தம்பி, முதலில் அந்தத் தாய்க்கு என் வணக்கத்தைச் சொல். நான் மதராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி முடித்து, நாடு முழுக்கச் சுற்றிவிட்டு இப்போது தோட்டம் துரவு பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

நீ சொல்லும் வழிதான் வழி. ஒரு சிப்பாய் எங்கே உருவானானோ அங்கே நடப்பதுதான் அவனுக்கு மரியாதை.

கொடி விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாசத்தில் பலரும் தவறு செய்வது இங்கேதான். 2002-ஆம் வருடத்துக் கொடி விதிகள் இருக்கின்றன. கொடி தரையிலோ தண்ணீரிலோ படக் கூடாது. உங்கள் நடை கடற்கரையில் முடிகிறது, காற்று வேறு அடிக்கும். நூறு அடிக் கொடியைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு உப்பளக் கரையில் நடந்தால் எங்காவது ஒரு முனை சேற்றில் இழுபடும், இல்லையென்றால் முள்ளில் கிழியும். வேண்டாம். கம்பில் கட்டிய ஒரே கொடி, அளவானது, ஒரு முன்னாள் படைவீரர் கையில் இருக்கட்டும். கொடியின் மேல் பெயரோ தேதியோ எழுதக் கூடாது. வண்டியின் முன்பக்கத்தையோ பக்கவாட்டையோ கொடியால் மூடக் கூடாது. படத்தையோ கல்லையோ திறந்து வைக்கும்போது அதன் மேல் தேசியக் கொடியைப் போர்த்தி வைத்திருப்பார்கள் பார், அதையும் விதி தடுக்கிறது. வெள்ளைத் துணி போதும். இறந்தவர் உடல் மேல் கொடி போர்த்துவது அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டும் உரியது. அது அவருக்குச் செய்தாயிற்று. பிள்ளைகள் கையில் கொடுப்பது காகிதக் கொடியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். முடிந்ததும் ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு பேரை நிறுத்து. கடற்கரையில் காலடியில் கிடந்தால் அதைவிட அவமரியாதை இல்லை.

தேசியக் கொடியோடு வேறு கொடியும் வந்தால் அணியின் வலப்பக்கம் தேசியக் கொடிக்கு என்று விதி சொல்கிறது. அதைக் காட்டி சங்கக் கொடிக்கு இடம் கொடுத்துவிடாதே. வேறு எந்தக் கொடியும் வரக் கூடாது என்று அம்மா வாயாலேயே சொல்லச் சொல். தாய் சொன்னால் எந்தச் சங்கமும் எதிர்த்துப் பேசாது. யூனிட்டில் ஒரே லங்கரில், அதாவது ஒரே பொதுச் சமையல்கூடத்தில், சாப்பிட்டோம், ஒரே பனியில் காவல் நின்றோம். என் பக்கத்தில் படுத்தவன் என்ன சாதி என்று கேட்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. பட்டாளத்தில் சர்வ தர்ம ஸ்தலம் என்று இருக்கும். ஒரே கூரைக்குக் கீழே கோயில், பள்ளிவாசல், குருத்வாரா, தேவாலயம். உங்கள் கடற்கரையிலும் பிரார்த்தனை என்று ஒன்று வைத்தால் அதே மாதிரி வையுங்கள். பூசாரி, இமாம், பாதிரியார் மூவரும் ஆளுக்கு இரண்டு நிமிடம். மேடை வேண்டாம், மணலில் நின்றே சொல்லட்டும்.

அழைப்புக்கு ராமநாதபுரத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அவருடைய படை எண், பதவி, யூனிட் பெயர் போட்டு மனு கொடு. அதே மனுவின் நகலோடு யூனிட் கமாண்டிங் ஆபீசருக்கும் கடிதம் போடு. அவர்களுக்கு வசதிப்பட்டால் ஒரு ஜே.சி.ஓ.வை, அதாவது இளநிலை அதிகாரியை, அனுப்புவார்கள், இல்லையென்றால் மலர் வளையத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். நம் கடற்கரையிலேயே மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது, எங்கள் ஊரில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. அவர்களுக்கும் முறையாக எழுதிக் கேட்கலாம். வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நடை நடக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ராணுவ உடுப்பு மாதிரி தைத்துப் போடுவதை நான் விரும்புவதில்லை. அந்த உடுப்பு சம்பாதித்துப் போடுவது. முன்னாள் வீரர்கள் பதக்கத்தை இடப்பக்கம் அணிந்து வரட்டும். அவருடைய பதக்கங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவர் மனைவியோ தாயோ வலது மார்பில் அணியலாம், அது குடும்பத்தின் உரிமை. பியூகிள் என்கிற ராணுவ ஊதுகொம்பு வாசிக்க ஆள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதிவை ஓட விடாதீர்கள். இரண்டு நிமிடம் மௌனம், அலைச் சத்தம் மட்டும் கேட்கட்டும். அவர் மதராஸ் ரெஜிமென்ட்டாக இருந்தால் கடைசியில் எங்களைப் போன்றவர்கள் ஒரே ஒரு முறை "வீர மதராஸி, அடி கொல்லு" முழக்கம் கொடுப்போம். அதைக் கூட்டத்தோடு கோஷமாக்க வேண்டாம்.

தேதி சொல். நாலைந்து பேர் வருகிறோம், பஸ் செலவு எங்களுடையது.

பதில்: திருவாடானை வக்கீல் குமாஸ்தா

அனுமதி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். செப்டம்பர் என்கிறீர்கள், அதனால் இப்போதே தொடங்குங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த இரண்டையும் ஒட்டி நம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144 என்று சொல்வோம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 163. உங்கள் தேதி இரண்டுக்கும் நடுவில் வருகிறது. உத்தரவு எந்தத் தேதி வரை என்று வருடத்துக்கு வருடம் மாறும். ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத் தேதியை உறுதி செய்யுங்கள்.

மனு உங்கள் காவல் நிலையம் வழியாக டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போக வேண்டும். பாதையைக் கையால் வரைந்த வரைபடமே போதும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை பேர், பொறுப்பு யார் என்று எழுதுங்கள். பொறுப்பாளர் கையெழுத்து ஒரே தெருவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டாம், நான்கு தெருவிலிருந்தும் ஒவ்வொருவர் போடுங்கள். பார்க்கிற அதிகாரிக்கு அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். "கோஷம் இல்லை, வாகனம் இல்லை, வேறு கொடி இல்லை" என்று ஒரு வரி சேருங்கள். ஈ.சி.ஆரில் பைக் அணிவகுப்பு என்று எழுதினால் போக்குவரத்தைக் காட்டி இழுத்தடிப்பார்கள். ஊர்ச் சாலை என்றால் சுலபம். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. புரட்டாசி வெயிலுக்குப் பயந்து ஐந்தரைக்கே தொடங்குவதாக இருந்தால் மைக் இல்லாமல் தொடங்குங்கள். பிளக்ஸுக்குத் தனி அனுமதி வேண்டும், அந்தத் தலைவலியே வேண்டாம்.

எங்கள் தாலுகாவில் கடுக்கலூர் இருக்கிறது. 2020 ஜூன் 15 லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்த 20 பேரில் ஒருவரான ஹவில்தார் பழனியின் ஊர். வீர் சக்ரா என்கிற போர் வீர விருது பெற்றவர். கொரோனா ஊரடங்கு நேரத்தில் அவர் உடல் வந்தது. இன்றைக்கு எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் "கடுக்கலூர் பழனி" என்றுதான் சொல்வார்கள், ஊர்ப் பெயரோடு சேர்த்து. உங்கள் அண்ணனுக்கும் அப்படித்தான் அமைய வேண்டும்.

பதில்: மண்டபம் அக்கா

தம்பி, என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் போனவர். எல்லாரும் கொடி, அனுமதி எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள், நல்லது. அண்ணியிடம் தனியாகக் கேட்டீர்களா? எதில் வர விருப்பம், எதில் இல்லை என்று வீட்டுப் பெண்கள் யாராவது உட்கார்ந்து பேசட்டும். எங்கள் ஊரில் என் வீட்டுக்காரருக்கு முதல் நினைவு நாள் வைத்தபோது வந்தவர்கள் ஒவ்வொருவராக எனக்குப் பொன்னாடை போட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அந்த வெயிலில் மூச்சு முட்டிவிட்டது. போட்டோ எடுக்க வேண்டும் என்று அவர் படத்துக்குப் பக்கத்திலிருந்து என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். மறுமாதம் அதே தெருவில் ஒரு வளைகாப்பு. என்னை அழைக்கவில்லை. பெண்ணின் அம்மா பிறகு வந்து கை பிடித்து அழுதார், ஆனால் அன்று அழைக்கவில்லை. மரியாதை என்றால் வருடத்தில் ஒரு நாள் வீரநாரி என்று முன்னால் நிறுத்துவது மட்டும் இல்லை தம்பி. உங்கள் ஊரில் அண்ணியை மற்ற நாளிலும் எல்லா விசேஷத்துக்கும் அழையுங்கள். விளக்கேற்றுவதும் அவர் கையால் நடக்கட்டும், யாராவது முகம் சுளித்தால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பிள்ளை இருந்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். என் மகள் அன்று முழுக்க என் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடியே நின்றாள். தண்ணீர் டம்ளர் எடுத்துக் கொடுக்கும் வேலையாவது கொடுத்திருந்தால் அவளுக்கு அந்த நாள் தன் அப்பாவின் நாளாக இருந்திருக்கும்.

இன்னொன்று. பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்கிற ராணுவ பென்ஷன் இணையதளம் வழியாக வருகிறது. வருடா வருடம் உயிர்வாழ் சான்று பதிவு செய்ய வேண்டும். கருவாடு காய வைத்து, உப்பு அள்ளி, வலை பின்னித் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. என் மாமியார் கை வைத்து வைத்துப் பார்த்தும் விழவில்லை, முகத்தைக் காட்டிப் பதியும் வசதி உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இப்படி எத்தனை அம்மாக்கள் இருப்பார்கள். நடை முடிந்ததும் பள்ளிக்கூடத் திண்ணையில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கைப்பேசியோடு உட்கார்ந்து அவர்களுக்குப் பார்த்துக் கொடுத்தால், பிளக்ஸுக்குப் போகும் காசைவிட அது பெரிய காரியம்.

பதில்: ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், கீழக்கரை

முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் வெள்ளைக்காரர்கள் கல் பதித்தார்கள். தமிழ்நாட்டிலும் அப்படிச் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை மட்டும், பெயர் கிடையாது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். அவர்களுக்கு வெகு காலம் முன்னாலேயே ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக்கூட நம் ஆட்கள் நடுகல்லில் பெயர் பொறித்தார்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கருங்கல்லில் தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தாய் டெல்லிக்குப் போய்ப் பார்ப்பது எப்போது? பள்ளிக்கூடச் சுவரில், ஓட்டம் தொடங்கும் இடத்தில், ஒரு சின்னக் கல். பெயர், யூனிட், பிறந்த தேதி, மறைந்த தேதி. "1600 மீட்டர் இங்கே தொடங்குகிறது" என்று ஒரு வரி. போதும். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தில் எழுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் உங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் படையில் இறந்த எல்லார் பெயரையும் வாசியுங்கள். 1962, 1965, 1971 போர்கள் என்று தேடினால் மறந்துபோன பெயர் கிடைக்கும்.

பதில்: வலைக்கயிறு

ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு ராத்திரி இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து டீக்கடையில் வைத்துப் படித்துக் காட்டினேன். இளவட்டங்கள் ஈ.சி.ஆர். ஊர்வலத்தை விட்டுவிட்டார்கள். கருவேல முள் பொறுக்கிப் பாதையைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு.

அண்ணியிடம் என் மனைவி பேசினாள். மேடை, பொன்னாடை, மைக் எதுவும் வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் கூட நடப்பார்கள், அங்கே அம்மாவோடு உட்கார்ந்துகொள்வார்கள். கடற்கரைக்கு வர அவர்களுக்கு மனம் இல்லை, யாரும் வற்புறுத்த மாட்டோம். மகனுக்கு ஏழு வயது. ஓட்டம் தொடங்க அண்ணன் ஊதும் விசில் வீட்டில் இருக்கிறது. அதை அவன்தான் ஊதுவான் என்று அவனே சொல்லிவிட்டான்.

சங்கக் கொடி விஷயத்தில் அம்மா அந்தப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "எம்மகன் செத்தப்ப பெட்டியில ஒரே கொடிதான் இருந்துச்சு, அது போதும்" என்றார்கள். இரண்டு பேர் முகம் வாடித்தான் போனார்கள். ஆனால் மனுவில் முதல் கையெழுத்து அவர்களில் ஒருவருடையது.

ஞாயிறு காலை பூசை நேரம், வெள்ளி ஜும்மா, விசைப்படகு கடலுக்குப் போகும் நாளும் கூடாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் நினைவு நாளுக்குப் பக்கத்தில் ஒரு செவ்வாய் வருகிறது. நண்டு கம்பெனியில் அன்று காலை எடை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் முதல் இரண்டு பீரியட் விடுகிறேன் என்கிறார். நாளை ஸ்டேஷனுக்கும் நல அலுவலகத்துக்கும் போகிறேன். வாத்தியார் ஐயா, கல்லுக்கான வாசகத்தை எழுதி அனுப்பினால் கல்தச்சரிடம் கொடுத்துவிடுவேன்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் படையில் இறந்தவர்களின் பெயர், ஊர், வருடம் மூன்றையும் ஆவணி முடிவதற்குள் இங்கே எழுதுங்கள். குடும்பத்தாரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். வருபவர்கள் காலை ஐந்தே முக்காலுக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள், வண்டியை வெளிச்சுவர் பக்கம் நிறுத்தலாம். நீர்மோர் இருக்கும், டம்ளர் மட்டும் கொண்டு வாருங்கள்.